ஓதம் ஏறிய வீடு: ரிக்ஸ்பியும் அவருடைய குடித்தனக்காரர்களும்

பழைய வீட்டில் குடியிருந்தவர்களுக்கு ஓதம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மழை விட்டு இரண்டு மாதமானாலும் சுவரின் கீழ்ப்பகுதி காயாது. கையை வைத்தால் சில்லென்றிருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, மண்ணில் இருக்கும் ஈரத்தைச் செங்கல் மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். நின்ற இடத்தில் உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும், பூச்சு உதிரும். இதைத் தடுக்க அஸ்திவாரத்துக்கு மேலே ஒரு படலம் போட்டுவிட்டுத்தான் சுவர் எழுப்புவார்கள். கொத்தனார்கள் டி.பி.சி. என்று சொல்வது அதைத்தான். இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீடுகள் பலவற்றில் அந்தப் படலமே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று மாடி, உயரமான ஜன்னல், கம்பீரமான வாசல். உள்ளே சுவர் நனைந்திருக்கும்.

அந்த ஈரத்துக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் 'ரைசிங் டாம்ப்'. 1974 முதல் 1978 வரை பிரிட்டனின் தனியார் தொலைக்காட்சியான ஐடிவியில் வந்த நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பெயரும் அதுதான். யார்க்‌ஷயர் டெலிவிஷன் நிறுவனம் தயாரித்தது. எழுதியவர் எரிக் சாப்பெல். மொத்தம் 28 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் அரை மணிக்கும் குறைவு. 1978-ல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. 2004-ல் பிபிசி நேயர்களிடம் வாக்கெடுத்து பிரிட்டனின் சிறந்த நகைச்சுவைத் தொடர்களை வரிசைப்படுத்தியபோது, ஐடிவி தொடர்களிலேயே முன்னால் நின்றது இதுதான்.

கதை நடப்பது ஒரு பல்கலைக்கழக ஊரில் இருக்கும் பழைய வீட்டில். வீட்டுக்காரர் ரிக்ஸ்பி. மனைவி பிரிந்துபோய்விட்டார். துணைக்கு இருப்பது வியன்னா என்ற பூனை. அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விட்டிருக்கிறார். ஓர் அறையில் மிஸ் ரூத் ஜோன்ஸ். பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், திருமணமாகாதவள், காதலைப் பற்றிப் பெரிய கனவுகள் உள்ளவள். மேலே ஆலன் மூர், தலைமுடியைத் தோள்வரை வளர்த்த மருத்துவ மாணவன். அவனோடு பிலிப் ஸ்மித், கறுப்பு இளைஞன். ஆப்பிரிக்காவில் ஓர் இனக்குழுத் தலைவரின் மகன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவன். ரிக்ஸ்பிக்கு ரூத் மேல் ஆசை. ரூத்துக்கு பிலிப் மேல். பிலிப் அவளிடம் பிடிகொடுப்பதில்லை. ஆலன் எந்தப் பெண் கிடைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். நான்கு வருடமும் ஏறக்குறைய இவ்வளவுதான் கதை.

இவ்வளவு சின்னக் கதை ஏன் இத்தனை நாள் தாங்கியது? லியனார்ட் ராசிட்டரின் நடிப்பு என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் இந்தத் தொடரை மூன்றாவது முறை பார்த்து முடித்தபோது எனக்கு வேறொன்று பட்டது. ரிக்ஸ்பி அதே வீட்டில் குடியிருக்கிறார். வாடகையை வாங்கிக்கொண்டு எங்கோ போய்விடும் முதலாளியல்ல. அதே படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறார், அதே ஈரச் சுவருக்குள்தான் தூங்குகிறார். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். வீட்டுக்காரர் கூடவே இருக்கிற வீடும், வீட்டுக்காரர் வேறு தெருவில் இருக்கிற வீடும் ஒன்றல்ல. இந்தத் தொடரின் சிரிப்பும் கசப்பும் அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அந்தக் காலத்து பிரிட்டிஷ் சட்டங்களைப் புரட்டினால் இது இன்னும் தெளிவாகிறது.

முதலில் அந்த வீடுகளைப் பற்றி. முதல் உலகப்போருக்கு முன்னால் பிரிட்டனில் பத்துக் குடும்பங்களில் ஒன்பது தனியாரிடம் வாடகைக்குத்தான் இருந்தன. அப்புறம் நகராட்சிகள் ஏராளமான வீடுகளைக் கட்டின. நடுத்தர வர்க்கம் கடன் வாங்கிச் சொந்த வீடு வாங்கியது. 1970-களில் தனியாரிடம் வாடகைக்கு இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. யார் அப்படி மிஞ்சினார்கள்? மாணவர்கள், தனியாக இருப்பவர்கள், புதிதாக நாட்டுக்குள் வந்தவர்கள், குடும்பம் உடைந்தவர்கள். பெரிய குடும்பமும் வேலைக்காரர்களும் இருப்பதற்காகக் கட்டிய வீடு அறை அறையாகப் பிரிந்தது. அறைக்குள்ளேயே கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி. இந்த மாதிரி அறைக்கு 'பெட்சிட்' என்று பெயர். குளியலறையும் கழிப்பறையும் மாடிப்படிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் பொது. கணப்பு எரிய வேண்டுமானால் மீட்டரில் நாணயம் போட வேண்டும். காசு தீர்ந்தால் சூடும் தீர்ந்தது. 1971-ல் நாணய முறை மாறியபிறகும் பழைய ஷில்லிங்கும் புதிய ஐந்து பென்ஸும் ஒரே அளவில் இருந்ததால், அந்தத் துளைகளில் இரண்டுமே விழுந்தன.

மாணவர்கள் இந்த வீடுகளுக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. 1962-ல் வந்த கல்விச் சட்டத்துக்குப் பின் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அரசு உதவித்தொகை கிடைத்தது. 1963-ல் ராபின்ஸ் குழுவின் அறிக்கை உயர்கல்வியை விரிவாக்கச் சொன்னது. மாணவர் எண்ணிக்கை ஏறிய வேகத்துக்கு விடுதிகள் கட்டி முடியவில்லை. உதவித்தொகையை வைத்துக்கொண்டு ஊருக்குள் அறை தேடினார்கள். ஆலனும் பிலிப்பும் அப்படி வந்த தலைமுறை. தன் தலைமுறைக்குக் கிடைக்காத படிப்பை இந்தப் பையன்கள் அரசுச் செலவில் படிக்கிறார்கள் என்ற எரிச்சல் ரிக்ஸ்பியின் பேச்சில் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. அந்த எரிச்சலுக்குக் கீழே ஏக்கமும் இருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1957-ல் கன்சர்வேடிவ் அரசு வாடகைக் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது. பழைய குடித்தனக்காரர் வெளியேறினால் புது வாடகை வைத்துக்கொள்ளலாம் என்றானதும், பழையவர்களை விரட்டும் வேலை தொடங்கியது. லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் பீட்டர் ராக்மன் என்பவர் இதில் பெயரெடுத்தார். வேறெங்கும் இடம் கிடைக்காத கரீபியன் குடியேறிகளைத் தன் வீடுகளில் நெருக்கி அடைத்து அதிக வாடகை வாங்கினார். அவர் 1962-ல் இறந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயர் பத்திரிகைகளில் நாறியது. கொடுமைக்கார வீட்டு முதலாளித்தனத்துக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரிலேயே ஒரு சொல் உண்டானது. 1965-ல் லேபர் அரசு புதிய வாடகைச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதன் முழுப் பாதுகாப்பும் சாமான்கள் இல்லாத வீடுகளுக்குத்தான். கட்டில், மேஜை, அலமாரி போட்டு வாடகைக்கு விட்ட அறைகள் விடுபட்டுப்போயின. ஏழை மாணவனும் தனியாள் தொழிலாளியும் இருந்தது அந்த அறைகளில்தான்.

இந்த ஓட்டையை அடைத்தது 1974-ம் ஆண்டின் வாடகைச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது ஆகஸ்ட் 14. 'ரைசிங் டாம்ப்' முன்னோட்ட அத்தியாயம் ஒளிபரப்பானது செப்டம்பர் 2. இடையே மூன்று வாரம்கூட இல்லை. சாமான்கள் போட்ட அறையில் இருப்பவரையும் இனிமேல் நினைத்தபடி வெளியே அனுப்ப முடியாது என்றது அந்தச் சட்டம். ஆனால் ஒரு விலக்கு வைத்தது: வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் குடியிருந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. தன் வீட்டுக்குள்ளேயே ஓர் அந்நியரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அதன் நியாயம். ரிக்ஸ்பி அந்த விலக்குக்குள் கச்சிதமாக அடங்குகிற மனிதர். ரிக்ஸ்பி கோபத்தில் வெளியேறச் சொல்லும்போது அது வெறும் வாய்ச் சவடால் கிடையாது.

இனப் பாகுபாட்டுச் சட்டத்திலும் இதே கதைதான். 1950-களிலும் 60-களிலும் வாடகை அறை தேடிப் போன கறுப்பர்களையும் ஆசியர்களையும் ஐரிஷ்காரர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஜன்னலில் அட்டை எழுதி மாட்டியவர்களும் உண்டு. 1965-ல் வந்த முதல் இன உறவுச் சட்டம் பொது இடங்களைத்தான் தொட்டது, வீடுகளைத் தொடவில்லை. 1968-ல் வந்த இரண்டாவது சட்டம் வீடு தருவதிலும் வேலை தருவதிலும் பாகுபாட்டைத் தடுத்தது. அதிலும் ஒரு விலக்கு: வீட்டுக்காரர் அங்கேயே வசித்து, குடித்தனக்காரர்களோடு சில இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் சிறிய வீடுகளுக்கு அது செல்லாது. இந்த விலக்கு 1976-ம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்ந்தது. ஆக, தொடர் ஓடிய காலம் முழுவதும், ரிக்ஸ்பி மாதிரியான ஒரு வீட்டுக்காரர் நிறத்தைக் காரணம் காட்டி அறை தர மறுத்தால் சட்டத்தால் அவரை ஒன்றும் செய்திருக்க முடியாமல் போயிருக்கலாம்.

முதல் அத்தியாயத்தை இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். புதிதாகக் குடிவருகிறவன் பிலிப். ஆள் எதிரே வந்து நின்றதும் ரிக்ஸ்பிக்கு வார்த்தை வரவில்லை. கண் மேலும் கீழும் போகிறது, வாய் திறந்தபடி நிற்கிறது. போ என்று சொல்லிவிட நினைக்கிறார், சொல்ல முடியவில்லை. காரணம் பெருந்தன்மை கிடையாது. வாடகை தேவைப்படுகிறது. ரூத்தின் பார்வையில் கெட்டவராகவும் ஆகக்கூடாது. அப்புறம் அந்தப் பையன் பேசுகிற ஆங்கிலம் ரிக்ஸ்பியின் ஆங்கிலத்தைவிட மேலான ஆங்கிலம். கடைசியில் ஆலனும் பிலிப்பும் ஒரே அறையில் இருக்கும்படி ஆகிறது. சட்டம் ரிக்ஸ்பியை விட்டுவிடுகிறது, ரிக்ஸ்பியின் தேவை விடவில்லை. 1974-ன் தொடக்கத்தில் மின்சாரத்தைச் சேமிக்க பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் வாரத்துக்கு மூன்று நாள்தான் இயங்கின. அடுத்த ஆண்டு விலைவாசி 24 சதவீதத்துக்கு மேல் ஏறியது. சொந்த வீடு இருக்கிறது என்பதைத் தவிர ரிக்ஸ்பிக்கும் அவருடைய குடித்தனக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வீடும் கீழேயிருந்து நனைந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தொடரை எழுதிய சாப்பெல், மேடையிலோ டிவியிலோ வளர்ந்தவரல்ல. 1933-ல் கிரான்தம் நகரில் பிறந்தவர். கிழக்கு மிட்லண்ட்ஸ் மின்சார வாரியத்தில் 20 வருடத்துக்கும் மேலாகக் கணக்குத் தணிக்கையாளர் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து எழுதுவார். முதலில் எழுதிப் பார்த்தது நாவல்கள். யாரும் வாங்கவில்லை. பிறகு நாடகத்துக்கு வந்தார். ஒரு நாள் செய்தித்தாளில் ஒரு சேதி படித்தார்: கறுப்பர் ஒருவர் ஆப்பிரிக்க இளவரசர் என்று சொல்லிக்கொண்டு ஹோட்டல் ஒன்றில் நீண்ட காலம் தங்கியிருந்தாராம். அந்த வித்திலிருந்து வளர்ந்தது 'தி பனானா பாக்ஸ்' என்ற நாடகம். 1971-ல் லெஸ்டர் நகரில் மேடையேறியபோது வீட்டுக்காரராக வில்ஃப்ரிட் பிராம்பெல் நடித்தார். 1973-ல் லண்டன் வெஸ்ட் எண்டுக்கு அது வந்தபோது அந்த வேடம் லியனார்ட் ராசிட்டருக்குப் போயிருந்தது. ரூத்தாக பிரான்சிஸ் டி லா டூர், பிலிப்பாக டான் வாரிங்டன். மூவருமே டிவிக்கும் வந்தார்கள். மேடையில் மாணவனாக நடித்தவர் பாடகர் பால் ஜோன்ஸ். டிவியில் அந்த இடத்துக்கு ரிச்சர்ட் பெக்கின்சேல் வந்தார். நாடகத்தில் வீட்டுக்காரரின் பெயர் ரூக்ஸ்பி. அதே பெயரில் நிஜமாகவே ஒரு வீட்டுக்காரர் இருந்து ஆட்சேபம் சொன்னதால் டிவியில் ரிக்ஸ்பி ஆனது.

மேடைக்காக எழுதிய கதை என்பது இந்தத் தொடருக்கு நல்லதாகவே முடிந்தது. லீட்ஸ் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் முன்னால் எடுத்தார்கள். தெரு, கடை, பூங்கா எல்லாம் அபூர்வம். இரண்டு மூன்று அறைகள், ஒரு மாடிப்படி, கதவுகள். கதவுகளைத்தான் கவனிக்க வேண்டும். ரிக்ஸ்பி கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிற வழக்கமில்லை. பேசிக்கொண்டே திறந்து உள்ளே வந்துவிடுவார். ஆலன் யாராவது ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, விளக்கைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கைபோடப் போகிற நேரம் கதவு திறக்கும். வீட்டுக்காரர் கூடவே இருக்கிற வீட்டில் தாழ்ப்பாளுக்கு மதிப்பில்லை. அதே ரிக்ஸ்பி மிஸ் ஜோன்ஸின் கதவுக்கு முன்னால் வந்தால் வேறு ஆள். கார்டிகனை இழுத்துவிட்டுக்கொள்வார், தலைமுடியைத் தடவிக்கொள்வார், குரலை இறக்கிக்கொள்வார். 'மிஸ் ஜோன்ஸ்' என்று அவர் சொல்கிற விதத்தில் கெஞ்சலும் பதற்றமும் ஆசையும் எல்லாம் கலந்திருக்கும். அந்த இரண்டு வார்த்தையை பிரிட்டனில் ஒரு தலைமுறையே அவரைப்போலச் சொல்லிப் பார்த்தது.

ராசிட்டரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லிவர்பூலில் பிறந்தவர், நடிக்க வருவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. பேச்சில் அவருக்கு இருந்த வேகம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. பத்து வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டுவார், ஆனாலும் எந்தச் சொல்லும் நழுவாது. நடுவில் சட்டென்று நின்று, இடுப்பில் கைவைத்து, முதுகை வளைத்து, பல்லைக் காட்டி ஒரு பார்வை பார்ப்பார். முழு உடம்பும் பேசும். அதே வருடங்களில் பிபிசியில் ரெஜினால்ட் பெரின் என்ற அலுவலக அதிகாரியாகவும் நடித்துக்கொண்டிருந்தார். பெரின் வாழ்க்கை சலித்துப்போய்த் துணிகளைக் கடற்கரையில் போட்டுவிட்டு ஓடிப்போகிற மனிதர். ரிக்ஸ்பிக்கு ஓட இடமில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு நடிகரின் வீச்சு எவ்வளவு என்று தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த வீட்டில் உள்ள பொய்கள்தான். எல்லோரும் பொய் சொல்கிறார்கள். ரிக்ஸ்பி போர்முனையில் தான் செய்ததாகக் கதை கதையாகச் சொல்வார், கேட்கிற ஆளுக்கேற்ப வீரம் கூடும். ஆலன் பெண்கள் விஷயத்தில் தான் ரொம்பத் தேர்ந்தவன் என்று காட்டிக்கொள்வான். ரூத் பண்பாடும் நாசூக்கும் நிறைந்த சீமாட்டியாகப் பேசுவாள். பிலிப் தன் தகப்பனார் இனக்குழுத் தலைவர், தனக்குப் பத்து மனைவிகள் என்பான். ஒருவர் பொய்யை இன்னொருவர் அரைகுறையாகத்தான் நம்புகிறார்கள். ஆனால் உடைத்துப் போடுவதில்லை. மறுநாள் காலையில் அதே படிக்கட்டில் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே.

பிலிப்பின் பொய் மட்டும் தனி ரகம். ஆப்பிரிக்கா என்றால் ரிக்ஸ்பிக்குத் தெரிந்ததெல்லாம் முரசு, குடிசை, மந்திரம். கேட்கும் கேள்விகளும் அப்படியே. பிலிப் முகத்தில் சலனமே இல்லாமல், அவர் எதிர்பார்க்கிற ஆப்பிரிக்காவை அவருக்குத் திருப்பித் தருகிறான். ஒரு தடவை, பெண்களை மயக்கும் மரத்துண்டு என்று ஒன்றைத் தருகிறான். அதை எரித்தால் ஆசைப்பட்டவள் வந்து சேருவாள் என்ற நம்பிக்கையோடு ரிக்ஸ்பி அதைப் பத்திரமாக வாங்கிக்கொள்கிறார். அது அறையிலிருந்த அலமாரியிலிருந்து பெயர்த்தெடுத்த துண்டு. அதாவது ரிக்ஸ்பியின் சொந்த மரச்சாமான். இந்த ஒரு காட்சியில் தொடரின் கணக்கு முழுவதும் இருக்கிறது. ஏமாந்தவர் தன் வீட்டுப் பொருளையே மந்திரப் பொருளாகக் கும்பிடுகிறார். ஏமாற்றியவனுக்கு அவர் மேல் ஒரு பரிதாபமும் இருக்கிறது.

டிவி தொடரில் பிலிப் கடைசிவரை தலைவர் மகன்தான். 1980-ல் வந்த திரைப்படத்தில்தான் அவன் லண்டனை ஒட்டிய குராய்டனைச் சேர்ந்தவன் என்று வெளிப்படுகிறது. இங்கிலாந்திலேயே வளர்ந்த கறுப்பு இளைஞன் 'நான் குராய்டன்காரன்' என்று சொன்னால் அன்றைய வீட்டுக்காரர் அவனை எப்படி நடத்தியிருப்பார்? தொலைதூர நாட்டு இளவரசன் என்றால் குறைந்தபட்சம் ஆச்சரியமாவது படுவார். உண்மையைவிடப் பொய்தான் அந்த வீட்டில் அவனுக்கு மரியாதை வாங்கித் தந்தது. இந்தத் தொடர் இனவெறியைப் பற்றிச் சொன்னதிலேயே கூர்மையான விஷயம் இதுதான் என்பது என் எண்ணம்.

சரி, இன்று பார்க்கிறவர்களுக்குச் சங்கடம் உண்டா? உண்டு. ரிக்ஸ்பியின் வாயிலிருந்து வருகிற சில வார்த்தைகள் காதில் விழும்போது உடம்பு கூசுகிறது. பார்வையாளர்கள் சிரிப்பது ரிக்ஸ்பியைப் பார்த்தா, ரிக்ஸ்பியோடு சேர்ந்தா என்று சில இடங்களில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே காலத்தில் ஐடிவியில் 'லவ் தை நெய்பர்' என்று ஒரு தொடர் ஓடியது. வெள்ளைக்காரரும் கறுப்பரும் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள், வசையே நகைச்சுவை. அதோடு ஒப்பிட்டால் சாப்பெல் செய்தது வேறு. அறையில் யார் அறிவாளி, யார் நிதானமானவன், யார் அழகன், யாருக்குப் பெண்கள் பிரியப்படுகிறார்கள் என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் பிலிப்தான். டிரினிடாடில் பிறந்து நியூகாசிலில் வளர்ந்த டான் வாரிங்டனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த வயதில் ராசிட்டர் மாதிரி ஒரு சூறாவளிக்கு எதிரே அசையாமல் நிற்பது லேசான காரியமில்லை. குரலை உயர்த்த மாட்டார். ஒரு புருவம் மட்டும் ஏறும். சிரிப்பு முழுவதும் அங்கே போய்விடும். பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களில் ஒரு கறுப்பு நடிகருக்கு இந்த அளவு கண்ணியமான இடம் அப்போது கிடைத்ததில்லை என்றே நினைக்கிறேன். வசைகளை இது நியாயப்படுத்திவிடாது. இரண்டும் ஒரே தொடரில் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரூத் ஜோன்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அது எனக்கு வருத்தம். முதிர்கன்னியைக் கேலிப்பொருளாக்குவது அந்தக் காலத்து நகைச்சுவையில் மலிந்த விஷயம். பிரான்சிஸ் டி லா டூர் அந்தப் பாத்திரத்தை அப்படி விட்டுவிடவில்லை. அந்தக் குரல் நடுங்கும், இழுக்கும், திடீரென்று உற்சாகத்தில் உச்சிக்குப் போகும். ஏமாற்றம் வந்தால் நீண்ட கழுத்தோடு சற்று நேரம் அப்படியே நிற்பாள். அந்த நிமிடத்தில் சிரிப்பு நின்றுபோகும். ஹாரி பாட்டர் படங்களில் மேடம் மாக்சிமாக வந்தவர் இவர்தான் என்றால் பலருக்கு முகம் நினைவுக்கு வரும். நாடக வேலை காரணமாக இந்தத் தொடரின் இரண்டாவது பருவத்தில் ஒரு பகுதியில் அவர் இல்லை. பிரெண்டா என்று வேறொரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த அத்தியாயங்களில் ரிக்ஸ்பியிடம் எதையோ இழந்த சோர்வு தெரிகிறது. மிஸ் ஜோன்ஸ் என்று கூப்பிட ஆளில்லாத ரிக்ஸ்பியைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெக்கின்சேலுக்கு 1974 செப்டம்பர் முதல் வாரம் வாழ்க்கையையே மாற்றியது. இரண்டாம் தேதி ஐடிவியில் 'ரைசிங் டாம்ப்'. ஐந்தாம் தேதி பிபிசியில் 'போரிட்ஜ்', சிறைச்சாலையில் நடக்கும் நகைச்சுவைத் தொடர். அங்கே முதல்முறை சிறைக்கு வந்த இளைஞன், இங்கே மருத்துவ மாணவன். இரண்டு இடத்திலும் வயதான, வாய்நீளமான ஒருவரோடு ஒரே கூரைக்குள் அடைபட்ட பையன். ராசிட்டரோ, 'போரிட்ஜ்' நாயகன் ரானி பார்க்கரோ கொட்டித் தீர்க்கும்போது, பெக்கின்சேல் அரைச் சிரிப்போடு கேட்டுக்கொண்டு நிற்பார். கேட்பதை நடிப்பாக்கத் தெரிந்தவர். 'ரைசிங் டாம்ப்' நான்காவது பருவத்தில் மேடை நாடக வேலையால் அவர் நடிக்கவில்லை. ஆலன் இல்லாத அறை காலியாகவே தெரிந்தது. 1979 மார்ச் 19-ல் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 31.

கடைசி அத்தியாயம் 1978 மே 9-ல் வந்தது. ரூத் ஒருவழியாக ரிக்ஸ்பியைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறாள். கல்யாண நாளும் வருகிறது. கல்யாணம் நடக்காமலே போகிறது. நான்கு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள் கதவுகளைத் தாண்டி வெளியே போனதும் ஒருவரையொருவர் தவறவிட்டுவிடுகிறார்கள்.

1980-ல் திரைப்படம் எடுத்தபோது பெக்கின்சேல் இல்லை. கிறிஸ்டோபர் ஸ்ட்ராலி வேறொரு மாணவனாக வந்தார், டென்ஹாம் எலியட் புதிய குடித்தனக்காரராக. டி லா டூருக்கு ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஆனாலும் படம் எனக்கு ஒட்டவில்லை. கேமரா தெருவுக்குப் போகிறது, வெளிச்சம் வருகிறது, காற்று வருகிறது. ரிக்ஸ்பி மூச்சுவிட இடம் கிடைத்த மனிதராகத் தெரிகிறார். ஸ்டுடியோவில் சுவரோடு சுவராக நெருங்கி நின்றபோது இருந்த அழுத்தம் அங்கே இல்லை.

ராசிட்டர் 1984 அக்டோபர் 5-ல், லண்டன் லிரிக் தியேட்டரில் ஒரு நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே, மேடைக்குப் பின்னால் இறந்தார். அப்போது வயது 57. சாப்பெல் 2022 வரை இருந்தார். 2013-ல் அவர் அந்தப் பழைய கதையை மறுபடியும் மேடைக்கு எழுதிக்கொடுத்தார். புதிய நடிகர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த நாடகத்தை இயக்கியவர் டான் வாரிங்டன். நாற்பது வருடத்துக்கு முன்னால் பெட்டியோடு அந்த வீட்டு வாசலில் வந்து நின்ற பிலிப், இந்த முறை ரிக்ஸ்பி எங்கே நிற்க வேண்டும், எந்தக் கதவு வழியாக வரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.